ஆண்டாயி பேர் எழுதிய மஸ்தா

அரியமுத்துவுக்கு வாய் நீளம். அதை அவரே ஒத்துக்கொள்வார். "பொய் சொல்ல மாட்டேங்க. இருக்குறதக் கொஞ்சம் பெருசு பண்ணிச் சொல்லுவேன், அவ்வளவுதான்" என்பார். 1986-ஆம் வருஷம் பெரம்பலூரில் லாரிகள் வரிசை கட்டி நிற்கிற இடத்து டீக்கடையில் உட்கார்ந்து டீ குடித்த அத்தனை பேருக்கும் ஹிரோஷிமா என்ற ஊர் தெரிந்திருந்தது. பள்ளிக்கூடத்தில் படித்ததால் அல்ல. அரியமுத்து சொல்லிச் சொல்லித் தெரிந்தது.

எல்லாம் அவருடைய வண்டியால் வந்தது. குரும்பலூர்க் காலனியில், தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் நிலத்தில் மண்வெட்டி பிடித்த குடும்பத்தில் பிறந்தவர், அந்தச் சித்திரை மாதம் புத்தம் புதிய மஸ்தா லாரிக்குச் சொந்தக்காரர் ஆகியிருந்தார். ஜப்பான்காரன் வடிவமைத்துக் கொடுத்து, பஞ்சாபில் செய்து, திருச்சி வழியாக வந்து சேர்ந்த வண்டி. அந்தப் பக்கத்து ஜனங்கள் பார்த்துப் பழகிய லாரிகளில் பாதிக்கு மேல் முன்னால் பெரிய மூக்கு நீட்டிக்கொண்டிருக்கும். இதற்கு மூக்கே கிடையாது. டிரைவர் சீட்டுக்கு முன்னால் கண்ணாடி, கண்ணாடிக்கு முன்னால் ரோடு. எதிரே ஒருவர் நின்றால் உள்ளே இருப்பவரும் அவரும் முகத்துக்கு முகம் பார்த்துக்கொள்ளலாம்.

முதல் நாளே வீரமுத்து ஆரம்பித்துவிட்டான். அவன் பெரிய லாரி ஓட்டுகிறவன், அரியமுத்துவைவிடப் பத்து வயது சின்னவன், கிண்டலில் மட்டும் பெரியவன்.

"என்னாண்ணே, தீப்பெட்டிக்குச் சக்கரம் மாட்டிட்டு வந்திருக்க?"

"சிரிடா, நல்லா சிரி. இந்தக் கம்பெனி மொதமொதல்ல என்னா செஞ்சிச்சு தெரியுமா? தக்கை. புட்டிக்கு அடைக்கிறமே, அந்தத் தக்கை."

"அதானே பாத்தேன். ஆடிக் காத்துல பறந்துடப் போவுது, கயித்தப் போட்டுக் கட்டி வையி."

"முழுசாக் கேளுடா. அப்பறம் மூணு சக்கர லாரி செய்ய ஆரம்பிச்சான். முன்னாடி ஒண்ணு, பின்னாடி ரெண்டு. அவன் ஊரு ஹிரோஷிமா மேலதான் அணுகுண்டு விழுந்துச்சு. ஊரே சாம்பல். கம்பெனி ஒரு குன்றுக்கு அந்தாண்ட இருந்ததால ஏதோ தப்பிச்சிச்சு. நாலே மாசம். நாலே மாசத்துல மறுபடி மூணு சக்கர வண்டி வெளிய வந்துடுச்சு. ஏன் தெரியுமா? ஊரத் திரும்பக் கட்டணும்னா கல்லும் மண்ணும் ஏத்த வண்டி வேணும்ல? அப்பறம் நாலு சக்கரம் வச்சான், அப்பறம் சின்ன பஸ்ஸு வுட்டான், இப்ப இந்தா, ஒன் கண்ணு முன்னாடி நிக்கிது பாரு."

இந்தச் சரித்திரத்தை அவருக்குச் சொன்னவர் பஞ்சநாதன் என்று, திருச்சியில் வண்டி விற்கிற இடத்தில் வேலை பார்த்தவர். காகித வேலை முடியும் வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்த அரியமுத்துவிடம், பொழுது போகட்டும் என்று சொன்னார். அந்த மூன்று சக்கர வண்டி அந்தக் காலத்திலேயே நம் நாட்டுக்குக்கூட வந்திருக்கிறதாம் என்றும் சொன்னார். அரியமுத்து வாயைப் பிளந்து கேட்டார். குண்டு விழுந்த இடம் வந்ததும், "அத இன்னொரு தரம் சொல்லுங்க சார்" என்று கேட்டு வாங்கிக்கொண்டார். திருச்சியிலிருந்து பெரம்பலூர் வந்து சேர்வதற்குள் அது அவருடைய சொந்தக் கதை ஆகிவிட்டது.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். சித்திரையில் நாலு மாதமாக இருந்தது ஆடியில் நாலு வாரம் ஆனது. ஆவணியில் நாலே நாள் ஆகிவிட்டது. "இப்படியே போனா அடுத்த மாசம் குண்டு வுழுறதுக்கு முன்னாடியே வண்டி ஓடிருக்கும் போலருக்கே" என்று வீரமுத்து சொன்னபோது கடையே சிரித்தது. அரியமுத்துவும் சிரித்தார். ஆனால் கதையின் அடிப்படையில் அவர் கை வைத்ததே இல்லை. தரையோடு தரையாகப் போனவர்கள் எழுந்து வந்து செய்த வண்டி இது என்பதுதான் அவருக்குப் பெருமை. அந்தப் பெருமைக்கு ஏன் அவ்வளவு ருசி என்று தெரிந்துகொள்ள அரியலூருக்குப் போக வேண்டும்.

எழுபதுகளின் தொடக்கத்தில் அரியமுத்து அரியலூருக்குப் போனது சுண்ணாம்புக்கல் ஏற்றுகிற கூலியாக. குரும்பலூரில் வெயிலில் வெந்தது போதாதென்று அங்கே வெள்ளைப் புழுதியிலும் வெந்தார். மாலையில் குளித்துவிட்டு வந்தாலும் புருவம் மட்டும் நரைத்தே இருக்கும். அங்கே இராமலிங்கம் என்று ஒரு லாரி முதலாளி. பையன் துடியாக இருக்கிறான் என்று பார்த்து, முதலில் கிளீனராகச் சேர்த்துக்கொண்டார். ஸ்டியரிங்கைப் பிடிக்க விட்டார். லைசென்ஸ் எடுத்ததும் லாரியையே கையில் கொடுத்துவிட்டார். பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் அந்த லாரியை அரியமுத்து ஓட்டினார். டயர் வெடித்ததுண்டு, ஆளுக்கு ஒரு கீறல் விழுந்ததில்லை.

அந்த லாரியின் நெற்றியில் ஒரு பலகை. அதில் ‘பொன்னம்பலம்’ என்று எழுதியிருக்கும். இராமலிங்கத்தின் அப்பா பேர். அவர் செத்துப் பல வருஷம் ஆகியிருந்தது.

அந்தப் பக்கத்து லாரிக்காரர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஒரு சரக்குக்காரர் ஒரு வண்டியில் முதல் முறையாக லோடு ஏற்றினால், வண்டி கிளம்புவதற்கு முன் அவரே தன் கையால் நெற்றிப் பலகையில் குங்குமப் பொட்டு வைக்க வேண்டும். வைத்துவிட்டு, பலகையில் உள்ள பேரைச் சொல்லி, "நல்லபடியா போயிட்டு வா" என்று நாலு பேர் கேட்கிற மாதிரி வழியனுப்ப வேண்டும். சாமி பேர் என்றால் சாமியைச் சொல்வார்கள், பிள்ளை பேர் என்றால் பிள்ளையைச் சொல்வார்கள். பேர் சொல்லி அனுப்பாத வண்டியின் சக்கரம் உருளக் கூடாது. உருண்டால் சரக்கு வீடு போய்ச் சேராது என்பது நம்பிக்கை.

அரியலூரில் எத்தனையோ பெரிய மனிதர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, "பொன்னம்பலம், நல்லபடியா போயிட்டு வா" என்று சொல்வதை அரியமுத்து சீட்டில் உட்கார்ந்தபடியே பார்த்தார். செத்துப்போன ஒரு மனுஷனுக்கு ஊர் ஊராக இவ்வளவு மரியாதையா என்று முதலில் ஆச்சரியமாக இருந்தது. பிறகு அது நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. ஏனென்றால் உயிரோடு இருக்கிற அவருடைய அம்மாவுக்குப் பேர் இருப்பதே ஊரில் யாருக்கும் நினைவில்லை.

அம்மாவின் பேர் ஆண்டாயி. குரும்பலூருக்கு மேற்கே, பச்சைமலை தெரிகிற பக்கம், பெரிய தெரு அரங்கநாதனின் வெங்காயக் காடு இருந்தது. ஆண்டாயி புருஷனை இழந்தது முதல் அந்தக் காட்டில்தான் வேலை. வெங்காயம் அறுத்துக் காய்ந்ததும், கூடையில் அள்ளித் தலையில் வைத்துக்கொண்டு பெரம்பலூர்ச் சந்தைக்கு நடப்பார். அந்த வீட்டில் அவருக்குப் பேர் ‘கூடைக்காரி’. பெரியவர்கள் கூப்பிட்டார்கள், அதைக் கேட்டுக் குழந்தைகளும் கூப்பிட்டன. காலனியில் ‘அரியமுத்து அம்மா’. ஆண்டாயி என்ற பேர் ரேஷன் கார்டில் மட்டும் பத்திரமாக இருந்தது.

ஆகவே பாங்கில் கடன் கிடைத்து, இராமலிங்கமே வந்து ஜாமீன் கையெழுத்துப் போட்டு, நாமக்கல்லில் பின்பக்கப் பெட்டி கட்டி, மஸ்தா வீடு வந்து சேர்ந்தபோது என்ன பேர் எழுதுவது என்று அரியமுத்து ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. வண்டி வந்தது ஒரு சனிக்கிழமை. சிறுவாச்சூர் அம்மன் கோயில் திங்களும் வெள்ளியும்தான் திறக்கும். பூஜை போடாமல் வண்டியை எடுக்க முடியாது. அந்த இடைவெளியில் பெயிண்டர் செல்லதுரையைக் கூட்டிவந்தார்.

"சாமி பேரா, புள்ள பேரா?" என்று கேட்டார் செல்லதுரை.

"எங்கம்மா பேரு. ஆண்டாயி."

"செரி. பக்கத்துல ‘துணை’ன்னு போட்டுடவா?"

"துணையும் வேணாம், வெணையும் வேணாம். பேரு மட்டும். டவுன்ல மாடியிலேருந்து பாத்தாலும் தெரியணும்."

நீலப் பலகையில் மஞ்சள் எழுத்து. காலனியே கூடி நின்று பார்த்தது. ஆண்டாயிக்குப் படிக்கத் தெரியாது. என்ன எழுதியிருக்கிறது என்று மருமகள் குஞ்சம்மாள் சொன்னதும் அவருக்கு வந்ததே கோபம்.

"ஏன்டா, ஒனக்குச் சாமி பேரு கெடைக்கலியா? எம்பேர எதுக்குடா தெருத் தெருவா எழுதிக்கிட்டுத் திரியிற? பெரிய தெருக்காரங்க பாத்தா என்னா நெனப்பாங்க? வெங்காயம் ஏத்துவாங்களா ஒனக்கு?"

"ஏத்துவாங்கம்மா. ஜப்பான் வண்டிம்மா இது."

"ஜப்பான் வண்டின்னா? பேரு எம்பேருதானே?"

அரியமுத்து பெயிண்டருக்குக் கூலி கொடுக்கப் போய்விட்டார். ஆனால் மறுநாள் காலையில் ஒரு காரியம் நடந்தது. எல்லோருக்கும் முன்னால் எழுந்த ஆண்டாயி, முற்றத்தில் நின்ற வண்டியின் பம்பர் மேல் ஏறி, முந்தானையால் அந்தப் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அதற்கப்புறம் வண்டி வீட்டில் இருக்கிற நாளெல்லாம் அது அவர் வேலை. குஞ்சம்மாள் துடைக்கப் போனால்கூட, "நீ போ, ஒனக்கு எட்டாது" என்று விரட்டிவிடுவார்.

முதல் லோடு அரியலூரில் சிமெண்டு. இராமலிங்கமே தன் வீட்டு மாடி கட்ட ஏற்றினார். பழைய டிரைவரின் வண்டிக்கு முதலாளி தன் கையால் பொட்டு வைத்து, "ஆண்டாயி, நல்லபடியா போயிட்டு வா" என்றார். அரியமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது. வீட்டுக்கு ஓடிவந்து அம்மாவிடம் சொன்னார். ஆண்டாயி அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்டார்.

"அவரு வேத்தூருக்காரரு, நல்ல மனுசரு. சொல்லிட்டாரு. இங்க யாருடா சொல்லுவா?"

விஷயம் அங்கேதான் இருந்தது. சிமெண்டும் முந்திரிக்கொட்டையும் ஏற்றினால் வயிறு கழுவலாம், வண்டியைக் காப்பாற்ற முடியாது. அந்தப் பக்கம் வண்டி வைத்திருப்பவனுக்கு வாழ்வு என்பது சின்ன வெங்காயம். பருவத்தில் வெங்காயம் கிடைத்தால் தவணை ஓடிவிடும், கிடைக்காவிட்டால் பாங்க்காரர்கள் வண்டியை ஓட்டிக்கொண்டு போய்விடுவார்கள். வெங்காயத்தில் பெரிய கை அரங்கநாதன். அவர் எந்த வண்டியில் ஏற்றுகிறாரோ அந்த வண்டியில்தான் மற்றவர்களும் ஏற்றுவார்கள்.

அரங்கநாதன் கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. கூலியைப் பிடித்து வைக்க மாட்டார். காய்ச்சல் என்றால் மாத்திரை வாங்கிக் கொடுப்பார். ஆனால் யார் எங்கே நிற்க வேண்டும், யாரை எப்படிக் கூப்பிட வேண்டும் என்பதெல்லாம் சூரியன் கிழக்கே உதிப்பதைப் போல மாறாத காரியம் என்று நினைத்திருந்தார். ஆவணியில் ஒரு நாள் டீக்கடைக்கு எதிரே நின்ற மஸ்தாவைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். டயரைத் தட்டினார். திருப்திதான்.

"அரியமுத்து, வண்டி நல்லாத்தான்டா இருக்கு. சின்னதா, வேகமா. இந்த வருசம் என் வெங்காயம் பூரா ஒனக்குத்தான்."

"ரொம்ப சந்தோசங்கய்யா."

"ஒண்ணே ஒண்ணு. அந்த நெத்திப் பலகைய மட்டும் கழட்டிட்டு வந்துடு."

அரியமுத்து பலகையை நிமிர்ந்து பார்த்தார்.

"என்னாடா முழிக்கிற? மொத லோடுன்னா நான் பொட்டு வைக்கணும், பேரச் சொல்லி வழியனுப்பணும். எங்கூட்டுக் கூடைக்காரி பேர நான் நாலு பேருக்கு முன்னாடி நின்னு சொல்லிக்கிட்டு இருக்க முடியுமா? பங்காளிங்க சிரிக்க மாட்டானுங்க? ஏதாவது ஒரு சாமி பேர எழுதிக்க. செலவ நான் தாரேன்."

அதட்டவில்லை, திட்டவில்லை. நல்லது சொல்கிற தோரணையில்தான் சொன்னார். அதுதான் அரியமுத்துவுக்கு அதிகமாகச் சுட்டது.

வீட்டுக்கு வந்து குஞ்சம்மாளிடம் சொன்னார். குஞ்சம்மாள் நடப்புத் தெரிந்தவர். "ஒரு நாளைக்குக் கழட்டி வச்சா பேரு அழிஞ்சா போயிடும்? வண்டி போயிட்டா அப்பறம் பலகைய எங்க மாட்டுவீங்க?" என்றார். அதிலும் நியாயம் இருந்தது. அரியமுத்து இரவெல்லாம் புரண்டுவிட்டு, விடிந்ததும் திருப்புளியை எடுத்துக்கொண்டு பம்பர் மேல் ஏறினார். ஒரு திருகாணியைக் கழற்றியும்விட்டார்.

ஆண்டாயி வாசல்படியில் வந்து நின்றார்.

"என்னடா பண்ற?"

"கழட்டுறேம்மா. நீதானே அன்னிக்கே வேணாம்னு சொன்ன?"

"சொன்னேன். அப்ப எனக்கு அந்த எழுத்து தெரியாது." ஆண்டாயி கிட்டே வந்து பலகையைப் பார்த்தார். "இப்பத் தெரியும். தெனம் தொடைக்கிறேன்ல? மொத எழுத்துக்கு ஒரு சுழி, ஒரு வாலு. கடைசி எழுத்துக்கு மேல ஒரு கொக்கி. டவுன்ல போர்டுங்கள்ல அந்த மாரி எழுத்து இருந்தா நின்னு பாக்குறேன்டா. நீ அதக் கழட்டுனீன்னா கழட்டிக்க. நான் இனிமே இந்த வண்டியத் தொட மாட்டேன்."

அரியமுத்து அந்தத் திருகாணியை மறுபடி முடுக்கினார். முடுக்கிவிட்டு இன்னும் ஒரு சுற்று இறுக்கினார். குஞ்சம்மாள் உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தார். அன்றிலிருந்து அந்தப் பேச்சை அவரும் எடுக்கவில்லை.

அரங்கநாதனின் வெங்காயம் வீரமுத்து ஓட்டுகிற பெரிய லாரிக்குப் போயிற்று. மற்றவர்களும் அவர் போன வழியே போனார்கள். அரியமுத்து வரதராஜன்பேட்டைக்குப் போய் முந்திரிக்கொட்டை ஏற்றினார், அரியலூருக்குப் போய்ச் சிமெண்டு ஏற்றினார். டீக்கடையில் வாய் மட்டும் குறையவில்லை. வீரமுத்து அவரைத் தனியாகக் கூப்பிட்டு, "அண்ணே, அந்த லோடு ஒனக்கு வந்திருக்க வேண்டியது. நான் கேட்டு வாங்கல, மொதலாளி அனுப்புறாரு, போறேன்" என்றான். "வண்டிக்காரன் லோடு ஏத்தாம பூப்பறிக்கவா போவான்? போடா" என்று அரியமுத்து அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

புரட்டாசியில் வானம் பொத்துக்கொண்டது. வழக்கமாக அப்போது தூறிவிட்டுப் போகிற மழை அந்தத் தடவை விடாமல் பிடித்துக்கொண்டது. அரங்கநாதன் காட்டில் அறுத்த வெங்காயம் முழுவதும் மூட்டை கட்டித் தார்ப்பாயின் கீழே கிடந்தது. சின்ன வெங்காயத்துக்கு ஈரம் ஆகாது. ஒரு நாள் தாங்கும், மறுநாள் வியர்க்கும், அதற்கடுத்து நாற ஆரம்பிக்கும்.

வீரமுத்து பெரிய லாரியைக் கொண்டுபோனான். அது கரிசல் காடு. காய்ந்தால் கல், நனைந்தால் களி. வண்டிப்பாதையில் முதல் வளைவு தாண்டுவதற்குள் பின்சக்கரம் பாதி அளவு புதைந்தது. எவ்வளவு அழுத்தினானோ அவ்வளவு கீழே போயிற்று. கடைசியில் ஒரு டிராக்டர் வந்து லாரியைப் பின்பக்கமாகவே இழுத்துத் தார் ரோட்டில் கொண்டுவந்து விட்டது. வீரமுத்து சேற்றைத் துடைத்துக்கொண்டே சொன்னான்.

"இதுக்குள்ள பெரிய வண்டி எதுவும் போவாதுங்க. கனம் தாங்காது. அந்தத் தீப்பெட்டி போவும். அரியமுத்தண்ணன் ஓட்டுனா போவும்."

அரங்கநாதன் ஒரு நாழிகை குடைக்குள் நின்றார். பிறகு காலனிக்கு நடந்தார். ஆள் அனுப்பிக் கூப்பிடுவதுதான் அவர் பழக்கம். அன்றைக்கு அனுப்பினால் அரியமுத்து வருவான் என்ற நிச்சயம் இல்லை. காலனித் தெருவுக்குள் அவர் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. ஜனங்கள் மழையையும் பார்க்காமல் வெளியே வந்து நின்றார்கள்.

"அரியமுத்து, வண்டிய எடுடா. வெங்காயம் அழுவுது."

"எடுக்குறேங்கய்யா. பலகை அப்படியேதான் வரும்."

"தெரியுது. வா."

"பொட்டு வைக்கணுங்க. பேரச் சொல்லணும்."

"வூடு பத்தி எரியிறப்ப பொட்டப் பத்திப் பேசுற பாரு!"

"நம்ம பக்கத்து வழக்கந்தானுங்களே. பேரு சொல்லாம கௌம்புனா சரக்கு வூடு வந்து சேராதும்பாங்க. ஒங்க சரக்குக்காகத்தான் சொல்றேன்."

அரங்கநாதன் மறுக்காமல் வண்டிப் பக்கம் நடந்தார். அந்த நேரத்தில் ஆண்டாயி தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வந்து, கதவைத் திறந்து, வண்டியில் ஏறி உட்கார்ந்தார்.

"நீ எங்கம்மா?"

"இத்தனை வருசம் அந்த வெங்காயத்தத் தலையில சொமந்து நடந்தேன். இன்னிக்கி ஒக்காந்துக்கிட்டுப் போறேன். எடு."

முன்னால் மூன்று பேர் உட்காரலாம். நடுவில் ஆண்டாயி. ஓரத்தில் இடம் இருந்தது. அரங்கநாதன் அந்த இடத்தைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார், மழையைப் பார்த்தார். பிறகு குடையை மடக்கிக்கொண்டு ஏறி, கதவோடு கதவாக ஒட்டி உட்கார்ந்தார். காடு போய்ச் சேரும் வரை மஸ்தாவின் எஞ்சின் மட்டும் சீட்டுக்கு அடியில் பேசிக்கொண்டு வந்தது.

வண்டிப்பாதைக்கு வந்ததும் அரியமுத்து இறங்கி, சோளத்தட்டையும் பனைமட்டையும் கொண்டுவந்து போடச் சொன்னார். சேறு ஆழமான இடங்களில் பரப்பினார்கள். பிறகு வண்டியை முதல் கியரில் வைத்து, நிறுத்தாமல், வேகப்படுத்தாமல், கர்ப்பிணியைக் கைப்பிடித்து நடத்துவது போல நடத்தினார். சக்கரம் ஒரு பக்கம் வழுக்கும், அவர் ஸ்டியரிங்கைத் தொட்டும் தொடாமலும் திருப்புவார், நிமிர்ந்துவிடும். பெரிய லாரி புதைந்த வளைவை மஸ்தா தாண்டியபோது பின்னால் நடந்து வந்த ஜனங்கள் கூவினார்கள். வீரமுத்து விசில் அடித்தான். அரியமுத்துவின் மார்பு ஒரு சாண் விரிந்தது. அதை மறைத்துக்கொள்ள அவர் முயற்சியே பண்ணவில்லை.

மூட்டைகள் ஏறின. வண்டி தாங்குகிற அளவு ஏற்றினார்கள், மிச்சத்துக்கு மறுபடி வருவதாகப் பேச்சு. தார்ப்பாய் போட்டுக் கயிறு கட்டியாயிற்று. இனித் திருச்சிக்குக் கிளம்ப வேண்டியதுதான். அரியமுத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தார். சாவியைத் தொடவில்லை.

அரங்கநாதனின் வீட்டிலிருந்து குங்குமம் வந்திருந்தது. அவர் எடுத்துக்கொண்டு வண்டியின் முன்னால் வந்தார். வெங்காயக் காட்டுப் பெண்கள் நின்றார்கள், பங்காளிகள் இரண்டு பேர் குடையோடு நின்றார்கள், வீரமுத்து நின்றான். பலகை உயரத்தில் இருந்தது. அவர் செருப்பைக் கழற்றிவிட்டுப் பம்பர் மேல் ஏறினார். மூக்கில்லாத வண்டி அல்லவா, ஏறியதும் அவர் முகத்துக்கு நேரே கண்ணாடி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆண்டாயியின் முகம். இத்தனை வருஷத்தில் அவ்வளவு கிட்டே அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை.

பொட்டு வைத்தார். உதடு அசைந்தது.

"வண்டிக்குக் கேக்கலீங்கய்யா" என்றார் அரியமுத்து.

பங்காளி ஒருவர் என்னவோ சொல்ல வாயெடுத்தார். அரங்கநாதன் திரும்பி அவரை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் மழை ஒழுகும் கண்ணாடி வழியே ஆண்டாயியையே பார்த்தார். ஆண்டாயி பார்வையைத் தாழ்த்தவில்லை.

"ஆண்டாயி" என்றார் அரங்கநாதன், காடு முழுக்கக் கேட்கிற குரலில். "நல்லபடியா போயிட்டு வா."

ஆண்டாயி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஓரத்துக்கு நகர்ந்து, பக்கத்துக் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினார்.

"செரி, போயிட்டு வரேன்" என்றார்.

அரியமுத்து வண்டியைக் கிளப்பினார். பெரம்பலூர் தாண்டி, சிறுவாச்சூர் தாண்டி, பாடாலூர் போய்ச் சேரும் வரை அந்த நீள வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை.